பாலாற்றங்கரைச் சத்திரத்தில் ராணி தங்கினாரா?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கட்டும். ஆற்காட்டுப் பக்கம் பாலாற்றங்கரையில் உங்கள் ஊரில் ஒரு பழைய சத்திரம் பாழடைந்து நிற்கிறது. ஊரில் அதற்கு ‘துறைமுகச் சத்திரம்’ என்று பெயர். ராணி ஒருத்தி அங்கே தங்கினாள், அதனால்தான் எதிர்க்கரைக்கு ராணிப்பேட்டை என்று பெயர் வந்தது என்று உங்கள் தாத்தா சொல்லியிருக்கிறார். நவாப் கப்பலில் வந்து இறங்கி அங்கே இளைப்பாறினார் என்று இன்னொரு கதையும் உண்டு. இதில் எவ்வளவு உண்மை, கட்டடத்துக்கு வயது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். வயதைக் கேட்பதுபோல் இருந்தாலும், நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது அரச சம்பந்தம் உண்டா என்பதைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதை மூன்றாகப் பிரிக்காமல் பதில் சொல்ல முடியாது. ராஜா தங்கிய இடமா, ராஜா கட்டிய இடமா, ராஜா மானியம் விட்ட இடமா? நம் ஊர்க் கதைகளில் இந்த மூன்றும் ஒன்றாகக் குழைந்துவிடும்.

வடாற்காடு ஒரே ஜில்லாவாக இருந்த காலத்திலிருந்து நில அளவையில் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, பழைய இனாம் (வரி தள்ளிய நிலம்) பதிவேடு, செட்டில்மென்ட் கணக்கு என்று யாராவது கொண்டுவந்தால் படித்துச் சொல்வது பழக்கமாகிவிட்டது. பாரசீகம் எனக்குப் படிக்க வராது, தஞ்சாவூர் மராத்தி ஆவணங்களின் மோடி எழுத்தும் வராது. கட்டடக்கலையில் பட்டமும் கிடையாது. உங்கள் சத்திரத்தை நேரில் பார்க்கவுமில்லை. ஆகவே ஆவணமும் டேப்பும் சொல்வது வரைக்கும்தான் என் பேச்சு.

ராணியிலிருந்து ஆரம்பிப்போம், அது சுலபம். செஞ்சி தேசிங்கு ராஜா ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி இறந்தது 1714-ல். அவருடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினார். அவருடைய நினைவாக நவாபே ஆற்காட்டுக்கு எதிர்க்கரையில் ஒரு பேட்டையை ஏற்படுத்தி ராணிப்பேட்டை என்று பெயர் வைத்தார் என்பதுதான் வழிவழியாக வரும் செய்தி, பழைய ஜில்லா நூல்களிலும் இதுவே இருக்கிறது. இதை ஒப்புக்கொண்டால் உங்கள் தாத்தா சொன்ன கதை அங்கேயே நின்றுவிடுகிறது. ஊர் உண்டானதே ராணி போன பிறகு. உயிரோடு இல்லாதவர் எந்தச் சத்திரத்தில் தங்க முடியும்? ஊருக்குப் பெயர் கொடுத்த ராணியை, பெயரைப் பார்த்தே ஊருக்குள் குடியேற்றிவிட்டார்கள். தாத்தா பொய் சொன்னார் என்று இல்லை, பெயரிலிருந்து கதை முளைப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

நம் பக்கத்தில் ராஜ குடும்பங்கள் நெடுநாள் தங்கிய இடம் ஒன்று உண்டு. அது வேலூர்க் கோட்டை. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் திப்புவின் பிள்ளைகளும் குடும்பத்தாரும் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். 1806 ஜூலை 10 கலகத்துக்குப் பிறகு பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் 1816-ல் கப்பலில் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து வேலூருக்கு வந்து, 1832 ஜனவரியில் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். பாலாற்றங்கரையில் இருக்கும் முத்து மண்டபம் அவருடைய சமாதிதான். செலவெல்லாம் கிழக்கிந்தியக் கம்பெனியுடையது, கதவைப் பூட்டியதும் கம்பெனிதான். ‘கப்பலில் வந்த ராஜா’ என்ற பேச்சு வேலூர் வட்டாரத்தில் சுற்றுவதற்கு இவர் ஒருவரே போதும்.

அடுத்தது துறைமுகம். இங்கே ஒரு சொல்தான் வழி தவறிப் போயிருக்கிறது. துறை என்றால் கடல்துறை மட்டும் இல்லை. ஆற்றில் இறங்கி ஏறும் இடமும் துறைதான், வண்ணார் துணி வெளுக்கும் இடமும் துறைதான். பாலாற்றைத் தினம் பார்க்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அது வருஷத்தில் பெரும்பகுதி மணல். தண்ணீர் மேலே ஓடுவதைவிட அடியில் ஓடுவதுதான் அதிகம். ஊற்றுக்கால் வெட்டித்தான் கரையோர ஊர்கள் பயிர் செய்தன. அதில் கப்பல் வர வழியில்லை. ஆனால் வெள்ளம் வரும்போது அது வேறு ஆறு. 1903 நவம்பரில் மேலே ஏரிகள் உடைந்து வாணியம்பாடியைப் புரட்டிப் போட்டதும் இதே ஆறுதான். பாலம் இல்லாத காலத்தில் வண்டியும் மாடும் சுமைக்காரரும் ஆற்றங்கரைக்கு வந்து, தண்ணீர் வடியும்வரை ஒருநாளோ மூன்று நாளோ காத்துக் கிடக்க வேண்டியிருக்கும். அப்படிக் காத்திருக்கும் இடத்தில்தான் சத்திரம் முளைக்கும். ஊர் நடுவில் இல்லாமல் ஆற்றிறக்கத்தில் உங்கள் சத்திரம் நிற்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம். அது ‘துறைச் சத்திரம்’. ‘முகம்’ பின்னால் யாரோ ஒட்ட வைத்தது. இது என் ஊகம்தான், ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் கட்டுவேன்.

அப்படியானால் நவாபுக்குத் துறைமுகமே இல்லையா என்றால், இருந்தது. ஆற்காட்டிலிருந்து கிழக்கே நூறு கிலோமீட்டருக்கும் மேல் போனால் வரும் கோவளம்தான் அது. அங்கே முதலில் ஆஸ்டெண்டு கம்பெனி என்ற ஐரோப்பிய வணிக நிறுவனம் ஒரு பண்டகசாலை வைத்திருந்தது. அதன் இடிபாட்டுக்குப் பக்கத்தில் நவாப் அன்வருத்தீன் 1740-களில் ஒரு கோட்டை கட்டினார். சாதத் பந்தர் என்று அதற்குப் பெயர். பந்தர் என்றாலே துறைமுகம். 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் தந்திரம் செய்து அதைப் பிடித்தார்கள், 1752-ல் ஆங்கிலேயத் தளபதி கிளைவ் மீட்டு வெடிவைத்துத் தகர்த்தார். இன்று கோவளம் கடற்கரையில் கோட்டை இடிபாட்டின்மேல் ஒரு பெரிய விடுதி நடக்கிறது, டச்சுக் கோட்டை என்று பலரும் எழுதுகிறார்கள். துறைமுகத்தை ஒட்டி, அரச சம்பந்தத்தோடு, தங்கும் விடுதி என்று மூன்றும் சேர்ந்த இடம் வேண்டுமென்றால் நீங்கள் போக வேண்டியது அங்கேதான், ஒரு நாள் வாடகை மட்டும் நம் சத்திரக் கணக்குக்குக் கட்டுப்படியாகாது. பிறகு நவாப் முகமது அலி வாலாஜா 1768-ல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக் கடலோரமாகவே போய்விட்டார். நம் பக்கத்தில் அவர் பெயரில் வாலாஜாபேட்டை மிச்சம். நவாபையும் கடலையும் சேர்த்துப் பேசும் உங்கள் ஊர்க் கதைக்குள் இந்த நினைவு எங்கோ ஒட்டியிருக்கலாம். இடம்தான் மாறிவிட்டது.

இனி ராஜாவுக்கும் சத்திரத்துக்கும் உள்ள உண்மையான உறவு. இதை நன்றாக விளங்கிக்கொள்ள தஞ்சாவூருக்குப் போக வேண்டும், ஏனென்றால் அங்கேதான் ஒரு ராஜாவே உட்கார்ந்து தன் சத்திரத்தில் என்ன நடக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார். இரண்டாம் சரபோஜி 1799-ல் ராஜ்யத்தைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். ஆனால் ராமேஸ்வரம் போகும் வழியில் இருந்த சத்திரங்களை விட மனமில்லை. 1801 ஜனவரியில் தஞ்சையில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ரெசிடெண்ட் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் சொல்லும் ஏற்பாட்டைக் கேளுங்கள். பிராமணர் முதல் பறையர் வரை, ஜோகி, ஜங்கமர், பைராகி என்று வருகிறவர் எல்லாருக்கும் சோறு. சமைத்த சோறு வேண்டாதவர்களுக்கு அரிசியும் மளிகையுமாகப் படி. நடுராத்திரி வரை இது நடக்கும், பிறகு மணி அடித்து, சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று கூவி, வந்தவர்களுக்குப் போட்ட பிறகுதான் அடுப்பு அணையும். வேதம் சொல்லிக் கொடுக்க ஆள், பள்ளிக்கூட வாத்தியார், நோய்க்கும் வீக்கத்துக்கும் விஷக்கடிக்கும் வைத்தியர். வழியில் அநாதையான பிள்ளைகளை வாத்தியார் பொறுப்பில் விட்டு மூன்று வேளைச் சோறு, நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் ஸ்நானம். கர்ப்பிணி வந்து அங்கேயே பிரசவித்தால் செலவு சத்திரத்துடையது, மூன்று மாசம் இருந்துவிட்டுப் போகலாம். வழிப்போக்கர் யாராவது இறந்துவிட்டால் அவரவர் ஜாதி வழக்கப்படி கடைசிக் காரியம்.

இந்தப் பட்டியலில் ராஜா எங்கே படுத்தார் என்று ஒரு வரி கிடையாது. ஒரத்தநாட்டில் தேரை யானையும் குதிரையும் இழுப்பது போன்ற கல்வேலையோடு அவர் கட்டிய முத்தம்பாள் சத்திரமும் அவருடைய அன்புக்குரிய பெண்ணின் பெயரில் ஊராருக்குச் சோறு போட எழுந்ததுதான். கடலோரத்தில் அரச குடும்பம் போய் இருக்க இடம் வேண்டியபோது, நெப்போலியன் தோல்வியைக் கொண்டாடி 1814-ல் மல்லிப்பட்டினம் பக்கத்தில் எழுப்பிய மனோரா இருந்தது. சத்திரம் வேறு, மாளிகை வேறு. ஒரு சத்திரத்துக்கு அரச சம்பந்தம் இருக்கிறதா என்று பார்க்க, கட்டிலைத் தேடாதீர்கள், அடுப்புக்கு நெல் எந்த நிலத்திலிருந்து வந்தது என்று தேடுங்கள். தஞ்சையில் இன்றும் ஆட்சியரின் கீழ் சத்திரங்களுக்கென்று தனி நிர்வாகம் இருப்பது அந்த நிலங்களால்தான்.

அந்தத் தேடல் உங்கள் ஊருக்கும் பொருந்தும். 1858-ல் மதராஸ் ராஜதானியில் இனாம் கமிஷன் அமைத்தார்கள். கிராமம் கிராமமாகப் போய், வரியில்லாமல் அல்லது குறைந்த வரியில் யார் நிலம் அனுபவிக்கிறார்கள், எதற்காக, யார் கொடுத்தது என்று எழுதினார்கள். கோயிலுக்கு விட்டது தேவதாயம். சத்திரம், தண்ணீர்ப் பந்தல் மாதிரி காரியங்களுக்கு விட்டது தர்மதாயம். உங்கள் கிராமத்துப் பதிவேட்டில் தர்மதாயப் பகுதியைப் பாருங்கள். சத்திரத்துக்கு நஞ்சையோ புஞ்சையோ இருந்தால் அங்கே வந்தாக வேண்டும். கொடுத்தவர் யார் என்பதற்கும் ஒரு பத்தி உண்டு.

ஆனால் அந்தப் பத்தியைப் படித்ததும் துள்ளிக் குதிக்க வேண்டாம். ‘நவாப் கொடுத்தது’ என்று அதில் இருந்தால், 1860 வாக்கில் விசாரணைக்கு வந்தவர் அப்படிச் சொன்னார் என்பது மட்டும் உறுதி. மானியம் தப்ப வேண்டுமென்றால் பெரிய இடத்துப் பெயர் சொல்வது நல்லது என்று அவருக்குத் தெரியும். பாளையக்காரர் கொடுத்ததையும் ஊர்ச் செட்டியார் வாங்கி எழுதி வைத்ததையும் நவாப் தலையில் ஏற்றியிருக்கலாம். சனது (கொடுத்ததற்கான எழுத்துப் பத்திரம்) காட்டினாரா, வாய்மொழியாகச் சொன்னாரா என்று குறிப்புப் பத்தியில் எழுதியிருப்பார்கள், எடை அங்கேதான். சனது பாரசீகத்தில் இருந்தால் என்னைப் போன்றவனிடம் கொண்டுவராதீர்கள், படிக்கத் தெரிந்தவரிடம் போங்கள்.

பதிவேடு எங்கே கிடைக்கும் என்பதில் நம் பக்கத்து ஆட்கள் வழக்கமாக ஏமாறுவார்கள். ராணிப்பேட்டை ஆட்சியர் அலுவலகத்தில் போய்க் கேட்பார்கள். அந்த மாவட்டம் பிறந்ததே 2019-ல். அதற்கு முன் வேலூர். 1989 வரை திருவண்ணாமலையும் சேர்ந்த வடாற்காடு. 1911 வரை வடாற்காட்டுக் கலெக்டர் உட்கார்ந்திருந்தது சித்தூரில். 1817-லேயே ஏழாம் ரெகுலேஷன் என்று ஒன்று போட்டு சத்திரங்களையும் அவற்றின் நிலங்களையும் ரெவின்யூ போர்டின் மேற்பார்வையில் கொண்டுவந்துவிட்டார்கள். ஆகவே உங்கள் சத்திரத்தைப் பற்றிய பழைய கடிதம் ஏதாவது இருந்தால் அது அந்தக் காலத்துக் கலெக்டருக்கும் போர்டுக்கும் நடுவே போய்வந்ததாக இருக்கும். அதற்கு எழும்பூர் ஆவணக் காப்பகம்தான் வழி. தாலுகா ஆபீசில் பார்க்க வேண்டியது புல எண் வாரியாக நில விவரம் இருக்கும் ‘அ’ பதிவேடு. அதுவும் யூ.டி.ஆர் என்ற நிலப் பதிவுப் புதுப்பிப்புக்கு முந்தையதாகக் கேளுங்கள். பழையதில் ‘சத்திரம்’ என்று இருந்த புல எண் புதியதில் வெறும் நத்தமாகவோ புறம்போக்காகவோ மாறியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி கட்டடம். உங்கள் சத்திரத்தைப் பார்க்காவிட்டாலும் அதே கரையில் வேறொன்றைப் பார்த்த அனுபவத்தைச் சொல்கிறேன், பார்க்கும் முறை தெரியும். அதையும் ‘நவாப் சத்திரம்’ என்றுதான் சொன்னார்கள். ஊர்த் தலையாரியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கூட வந்தார். முன்னால் நீளத் திண்ணை, நடுவில் முற்றம், பின்னால் தனியாக அடுப்பங்கரை. திண்ணைத் தூண்களில் இரண்டு எங்கோ இடிந்த மண்டபத்திலிருந்து பிடுங்கி வந்தவை, மற்றவற்றோடு உயரம் ஒட்டவில்லை. அடியில் கல் வைத்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். இப்படிப்பட்ட தூணைக் காட்டித்தான் ‘ஆயிரம் வருஷம் சார்’ என்பார்கள். தூண் ஆயிரம் வருஷமாக இருக்கலாம், அதனால் கூரையும் அப்படி ஆகிவிடாது.

அடுப்பங்கரையில்தான் நான் அசந்துபோனேன். சுவரோரம் சாய்வாகப் பதித்த ஒரே கருங்கல் பலகை. டேப் வைத்து அளந்தேன், ஆறரை அடி நீளம், இரண்டே கால் அடி அகலம். நடுவில் வாய்க்கால் மாதிரி ஒரு குழிவு, அது சுவரில் ஓர் ஓட்டை வழியாக வெளியே போய் ஒரு கல்தொட்டியில் விழுகிறது. ‘கஞ்சி வடிக்கிற கல்லு சார் அது’ என்றார் பெரியவர். அண்டாச் சோற்றைக் கூடையில் கொட்டினால் கஞ்சி ஓடி வெளியே தொட்டியில் நிற்கும், வண்டி மாடுகள் குடிக்கும். உள்ளே மனுஷனுக்குச் சோறு, வெளியே மாட்டுக்குக் கஞ்சி. குழிவின் ஓரம் விரலால் தடவினால் வழவழவென்று இருந்தது, உளி செய்ததல்ல அந்த வழவழப்பு.

வாசல் நிலைக்கு மேலே ஒரு கல்லெழுத்து, ஏழெட்டுத் தடவை சுண்ணாம்பு அடித்து மூடியது. இதைச் சுரண்டாதீர்கள், எழுத்தோடு வந்துவிடும். இருட்டியபின் போய் டார்ச்சை எழுத்துக்கு நேராகப் பிடிக்காமல் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் நிழல் விழுந்து பாதி எழுத்து தானே எழுந்து நிற்கும். நாங்கள் படித்ததில் ‘துந்துபி வருஷம் ஆவணி’ என்பதும் ‘சத்திர தர்மம்’ என்பதும் தேறின. ராஜா பெயர் இல்லை. துந்துபி அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும். 1802, 1862, 1922, மூன்றில் எது? மேலே பார்த்தேன், மெட்ராஸ் டெரஸுக்கு (உத்தரத்தின்மேல் செங்கலும் சுண்ணாம்பும் இட்ட தட்டைக் கூரை) தாங்கலாக இரண்டு இடத்தில் மர உத்தரத்துக்குப் பதில் பழைய ரயில் தண்டவாளம். தென்னாட்டில் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியது 1856 ஜூலையில். ஆகவே தண்டவாளம் முதலிலிருந்தே இருந்தால் 1802 கழிந்தது. பின்னால் பழுது பார்த்தபோது போட்டது என்றால் ஒன்றும் கழியவில்லை. எனக்கு 1862 என்று மனசுக்குப் படுகிறது, சத்தியம் செய்யமாட்டேன். உங்கள் கல்லில் சக வருஷம் இருந்தால் ஆங்கில வருஷம் கிடைக்க 78-ஐக் கூட்டுங்கள், பசலி (வருவாய்க் கணக்கு வருஷம்) இருந்தால் 590-ஐக் கூட்டுங்கள். ஒரு வருஷம் முன்பின் வரும், அவ்வளவுதான்.

அந்த ரயிலையே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அது வந்த பிறகு சென்னையிலிருந்து மேற்கே நடந்தும் வண்டி கட்டியும் போனவர்கள் குறைந்தார்கள். பாலமும் வந்தபின் தண்ணீர் வடியக் காத்திருப்பவர் எவரும் இல்லை. பொறுப்பு ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்று கைமாறியது. நம் பக்கத்துச் சத்திரங்கள் பல பள்ளிக்கூடமாகவும், ரேஷன் கடையாகவும், பஞ்சாயத்து சாமான் போடும் இடமாகவும் ஆனது இப்படித்தான். உங்கள் தாத்தா சின்ன வயதில் பார்த்தபோதே அது காலியாகக் கிடந்திருக்கும். காலியான கட்டடத்தில் ராணியைக் குடிவைப்பது எளிது.

ஆகவே என் கணக்கு இதுதான். ராணி தங்கவில்லை, இது உறுதி. கப்பல் வரவில்லை, இதுவும் உறுதி. ஆற்றுத் துறையால் பிறந்த சத்திரம் என்பது ஏறக்குறைய உறுதி. நவாபின் மானியம் இருந்திருக்கலாம், அதைப் பதிவேடுதான் சொல்ல வேண்டும். நீங்கள் அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது வாசல் நிலையைவிட அடுப்பங்கரையை நிறையப் படம் எடுங்கள், வடிகல் இருந்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள். கிராமத்தின் பெயரையும் பழைய புல எண்ணையும் எழுதி அனுப்பினால், இனாம் பதிவேட்டில் எந்தப் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். மழைக்கு முன்னால் போய்விடுங்கள், கூரை எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை.